கடல்நீர் மீன்தொட்டிப் பராமரிப்பு

கடல்நீர் மீன்தொட்டி என்பது கடலில் வாழும் மீன்கள், முதுகெலும்பற்ற உயிரினங்கள், பாசிகள் முதலியவற்றை உவர்நீரில் வைத்து வளர்க்கும் தொட்டி ஆகும். நன்னீர் மீன்தொட்டியைக் காட்டிலும் இது செலவும் உழைப்பும் மிகுந்தது என்பது பரவலான கருத்து. தொடக்கச் செலவைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆனால் அன்றாட உழைப்பின் அளவு, தொட்டி எவ்வாறு அமைக்கப்படுகிறது, அதில் எத்தனை உயிரினங்கள் விடப்படுகின்றன, எவ்வளவு உணவு இடப்படுகிறது ஆகிய மூன்றையே பெரிதும் சார்ந்துள்ளது. இம்மூன்றும் தொடக்கத்திலேயே சரியாகத் தீர்மானிக்கப்பட்டால், வாரத்திற்கு ஓரிரு மணிநேர உழைப்பில் ஒரு தொட்டியைப் பல ஆண்டுகள் நல்ல நிலையில் வைத்திருக்க இயலும். தவறாகத் தீர்மானிக்கப்பட்டால், எவ்வளவு உழைத்தாலும் மீன்கள் மடிவதைத் தடுப்பது கடினம்.

இக்கட்டுரை ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளளவுள்ள (100 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம்) வீட்டுத் தொட்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, எளிய பராமரிப்பின் அடிப்படைகளை விளக்குகிறது.

வரலாறு

கண்ணாடித் தொட்டியில் கடல் உயிரினங்களை வளர்க்கும் பழக்கம் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பரவியது. 1853 ஆம் ஆண்டில் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டில் இயற்கை ஆய்வாளர் பிலிப் ஹென்றி கோசு, வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைப்பது பற்றி ஒரு நூலை வெளியிட்டார். இதன் பின் இப்பொழுதுபோக்கு ஒரு மோகமாகவே வளர்ந்தது. அதன் விளைவு கடற்கரைகளில் தெரிந்தது. அவருடைய மகன் எட்மண்ட் கோசு 1907 ஆம் ஆண்டில் வெளியிட்ட தன்வரலாற்று நூலில், சேகரிப்போரின் படையெடுப்பால் கரையோரப் பாறைக் குட்டைகள் உயிரினங்களை இழந்துவிட்டதாக வருந்தியுள்ளார்.

சென்னை மெரினாக் கடற்கரையில் 1909 ஆம் ஆண்டில் ஒரு மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. இது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மூடப்பட்டது.

20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கடல்மீன் தொட்டிகளை இயன்றவரை தூய்மையாக வைத்திருப்பதே சிறந்தது எனக் கருதப்பட்டது. பாறைகளும் பவளக் கூடுகளும் வெளுத்து, கழுவி, உலர்த்திய பின்னரே தொட்டியில் இடப்பட்டன. இந்தோனேசியாவின் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் இதற்கு நேர்மாறான ஒரு முறையைக் கையாண்டார். அவர் உயிரினங்கள் ஒட்டியிருந்த பாறைகளை அப்படியே தொட்டியில் வைத்து, இயற்கைக் கடல்நீர், சூரிய ஒளி, காற்றுக் குமிழிகள் ஆகியவற்றை மட்டும் கொண்டு பவளங்களையும் மீன்களையும் வளர்த்தார். 1961 ஆம் ஆண்டில் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் அவர் இம்முறையை விவரித்தார். தொட்டியைத் தூய்மை செய்யும் வேலையைப் பாறையில் வாழும் நுண்ணுயிர்களிடமே விட்டுவிடலாம் என்பதே இம்முறையின் சாரம் ஆகும்.

பின்னர் பெர்லின் நகர மீன்வளர்ப்பாளர்கள் இத்தகைய பாறைகளுடன் நுரைபிரிப்பானையும் வலிமையான விளக்குகளையும் சேர்த்துப் பயன்படுத்தினர். இது பெர்லின் முறை எனப் பெயர் பெற்றது. 1980களில் மொனாக்கோவில் ஜான் சோபேர் என்னும் உயிரியலாளர், தடித்த மணற்படுகையின் கீழ் ஒரு நீர் இடைவெளியை விட்டு நைட்ரேட்டை நீக்கும் முறையை உருவாக்கினார். இன்றைய எளிய பராமரிப்பு முறைகள் பலவும் இம்மூன்றின் கலவைகளே.

நீரின் இயல்புகள்

வெப்பமண்டலப் பவளப்பாறைப் பகுதிகளில் கடல்நீரின் இயல்புகள் ஆண்டு முழுவதும் மிகக் குறைவாகவே மாறுகின்றன. அங்கு வாழும் உயிரினங்கள் இந்நிலைத்தன்மைக்குப் பழகியவை. எனவே ஓர் அளவு நூலில் உள்ள எண்ணுக்குச் சரியாகப் பொருந்துவதைவிட, நாளுக்கு நாள் மாறாமல் இருப்பதே முதன்மையானது. வீட்டுத் தொட்டிக்குப் பொதுவாக ஏற்ற அளவுகள் பின்வருமாறு:

* உவர்ப்பு: ஒரு கிலோ நீருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு (25 பாகை செல்சியசில் ஒப்படர்த்தி 1.025 முதல் 1.026 வரை)
* வெப்பநிலை: 24 முதல் 27 பாகை செல்சியசு
* பிஎச் மதிப்பு: 8.0 முதல் 8.4 வரை
* அமோனியா, நைட்ரைட்டு: சோதனைக் கருவியில் தென்படாத அளவு
* நைட்ரேட்டு: மீன்கள் மட்டும் உள்ள தொட்டியில் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் குறைவு, பவளங்கள் உள்ள தொட்டியில் 10 மில்லிகிராம் அளவு அல்லது அதற்கும் குறைவு

கடல்நீரில் கரைந்துள்ள உப்புகளின் எடையில் ஏறத்தாழ 86 விழுக்காடு சோடியமும் குளோரைடும் ஆகும். எஞ்சியது மக்னீசியம், சல்பேட்டு, கால்சியம், பொட்டாசியம், பைகார்பனேட்டு முதலியன. எனவே சமையல் உப்பைக் கரைத்துக் கடல்நீர் உண்டாக்க இயலாது. மீன்தொட்டிக்கெனத் தயாரிக்கப்படும் கடலுப்புக் கலவையையே பயன்படுத்த வேண்டும். 200 லிட்டர் நீருக்குச் சுமார் 7 கிலோ கலவை தேவைப்படும். கடற்கரையை ஒட்டி வாழ்பவர்கள் இயற்கைக் கடல்நீரையும் பயன்படுத்தலாம். ஆயினும் ஆற்று முகத்துவாரங்கள், துறைமுகங்கள், கழிவுநீர் கலக்கும் இடங்கள் ஆகியவற்றின் அருகில் எடுத்த நீர் ஏற்றதன்று.

கலவையைக் கரைக்க உதவும் நன்னீரும் தூயதாக இருத்தல் வேண்டும். குழாய் நீரில் உள்ள குளோரின், நைட்ரேட்டு, பாசுபேட்டு, செம்பு ஆகியவை பாசி பெருகவும் முதுகெலும்பற்ற உயிரினங்கள் மடியவும் காரணமாகலாம். எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் தூய்மையாக்கிய நீரே சிறந்தது. இந்தியாவில் வீட்டுப் பயன்பாட்டிற்கு விற்கப்படும் இத்தகைய கருவிகள் பலவற்றில், குடிநீரின் சுவைக்காக வடிகட்டிய நீருடன் தாதுக்களையோ சிறிது மூலநீரையோ மீண்டும் கலக்கும் அமைப்பு உண்டு. மீன்தொட்டிக்கான நீரை அக்கலப்பிற்கு முன்னரே பிரித்தெடுக்க வேண்டும்.

நைட்ரசன் சுழற்சி

மீன்கள் தம் உடலின் நைட்ரசன் கழிவைப் பெரும்பாலும் அமோனியாவாகச் செவுள்களின் வழி வெளியேற்றுகின்றன. உண்ணாமல் எஞ்சும் உணவு அழுகும்போதும் அமோனியா உண்டாகிறது. அமோனியா மீன்களுக்குக் கொடிய நஞ்சு. பிஎச் மதிப்பு உயர உயர அதன் நச்சு வடிவத்தின் பங்கும் உயரும் என்பதால், நடுநிலையான நன்னீரைவிடக் கடல்நீரில் அதே அளவு அமோனியா பல மடங்கு தீங்கானது.

ஆக்சிசன் உள்ள பரப்புகளில் வாழும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும், வேறு வகைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. ஆயினும் அது நீரில் தேங்கிப் பாசியைப் பெருக்கும்.

நுண்துளைகள் நிறைந்த பாறையின் உட்பகுதியிலும் ஆழமான மணலின் அடியிலும் ஆக்சிசன் இருப்பதில்லை. அங்கு வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிசனை எடுத்துக்கொண்டு நைட்ரசனை வளிமமாக விடுவிக்கின்றன. இவ்வளிமம் காற்றில் கலந்து மறைகிறது. இவ்வாறு பாக்டீரியாக்களும் பிற நுண்ணுயிர்களும் குடியேறிய பாறை உயிர்ப்பாறை எனப்படும். லீ சின் எங்கின் தொட்டியில் வடிகட்டியாகப் பணியாற்றியது இதுவே.

புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் போதிய அளவில் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். இக்காலத்தில் மீன்களை விடாமல், சிறிதளவு அமோனியாவையோ மீன் உணவையோ இட்டு, அமோனியா, நைட்ரைட்டு ஆகிய இரண்டும் முதலில் உயர்ந்து பின்னர் மறையும் வரை காத்திருக்க வேண்டும். புதிதாகத் தொடங்குவோரின் மீன்கள் மடிவதற்கு இக்காத்திருப்பைத் தவிர்ப்பது முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

உணவும் நீர் மாற்றமும்: ஓர் எளிய கணக்கு

எளிய பராமரிப்பு என்றவுடன், நீரை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கேள்வியே முதலில் எழும். ஒரு சிறு கணக்கு இதற்கு விடை தரும்.

உலர் மீன் உணவில் 45 விழுக்காடு புரதம் இருப்பதாகக் கொள்வோம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரசன். எனவே 1 கிராம் உணவில் 72 மில்லிகிராம் நைட்ரசன் உள்ளது. இது முழுவதும் நைட்ரேட்டாக மாறினால் ஏறத்தாழ 320 மில்லிகிராம் நைட்ரேட்டு கிடைக்கும். 200 லிட்டர் தொட்டியில் இது லிட்டருக்கு 1.6 மில்லிகிராம் உயர்வு ஆகும். நாள்தோறும் 1 கிராம் உணவு இட்டால் வாரத்திற்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயரக்கூடும்.

இனி, வாரந்தோறும் 10 விழுக்காடு நீரை மாற்றுவதாகக் கொள்வோம். நைட்ரேட்டு குறைவாக இருக்கும்போது நீர் மாற்றத்தால் வெளியேறும் அளவும் குறைவு. அது உயர உயர வெளியேறும் அளவும் உயரும். ஒரு வாரத்தில் சேரும் அளவும் வெளியேறும் அளவும் சமமாகும் இடத்தில் நைட்ரேட்டின் உயர்வு நின்றுவிடும். அந்த உச்சவரம்பு பின்வருமாறு:

உச்சவரம்பு = இரு நீர் மாற்றங்களுக்கு இடையில் சேரும் அளவு ÷ மாற்றப்படும் பங்கு

மேற்கண்ட எடுத்துக்காட்டில் இது 11 ÷ 0.1, அதாவது லிட்டருக்கு 110 மில்லிகிராம். வாரந்தவறாமல் நீர் மாற்றியும் ஏன் நைட்ரேட்டு குறையவில்லை எனப் பலர் வியப்பதன் காரணம் இதுவே. நடைமுறையில் இதன் ஒரு பகுதியை மீனின் உடல் வளர்ச்சியும், உயிர்ப்பாறையும், பாசிகளும், நுரைபிரிப்பானும் எடுத்துக்கொள்ளும். உணவைக் குறைத்து இவற்றையும் சரியாக அமைத்தபின் வாரத்திற்கு 2 மில்லிகிராம் மட்டுமே சேர்வதாகக் கொண்டால்:

* வாரம் ஒருமுறை 10 விழுக்காடு மாற்றினால், உச்சவரம்பு 2 ÷ 0.1 = 20
* 2 வாரங்களுக்கு ஒருமுறை 20 விழுக்காடு மாற்றினால், 4 ÷ 0.2 = 20
* 4 வாரங்களுக்கு ஒருமுறை 40 விழுக்காடு மாற்றினால், 8 ÷ 0.4 = 20

மூன்றிலும் உச்சவரம்பு ஒன்றே. வேறுபாடு ஏற்ற இறக்கத்தில் உள்ளது. முதல் முறையில் நீர் மாற்றியவுடன் 20 என்பது 18 ஆகிறது. இரண்டாவதில் 16 ஆகவும், மூன்றாவதில் 12 ஆகவும் குறைகிறது. திடீர் மாற்றம் உயிரினங்களுக்கு ஏற்றதன்று என்பதால், உழைப்பையும் நிலைத்தன்மையையும் சேர்த்துப் பார்க்கையில் 2 வாரங்களுக்கு ஒருமுறை 20 விழுக்காடு என்பது பொருத்தமான அளவாகும்.

இக்கணக்கிலிருந்து பெறப்படும் முதன்மையான உண்மை வேறொன்று. நீர் மாற்றும் உழைப்பை இரட்டிப்பாக்கினால் உச்சவரம்பு பாதியாகும். தொட்டியில் சேரும் கழிவைப் பாதியாக்கினாலும் அது பாதியாகும். இரண்டாவது வழிக்கு உழைப்பே தேவையில்லை. மீன்களின் எண்ணிக்கையையும் உணவின் அளவையும் குறைத்தாலே போதும்.

நீர் ஆவியாதல்

திறந்த தொட்டி ஒன்றிலிருந்து நாள்தோறும் நீர் ஆவியாகிறது. விசிறி இயங்கும் அறையில் 200 லிட்டர் தொட்டி நாளுக்கு 2 லிட்டர் வரை இழக்கக்கூடும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 5 நாட்களில் 10 லிட்டர் இழந்தால், 35 ஆக இருந்த உவர்ப்பு ஏறத்தாழ 36.8 ஆக உயரும். ஒரு வாரத்தில் இது 37.6 ஐ எட்டும்.

எனவே குறைந்த நீரை உப்பற்ற தூய நீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். உப்புநீரால் நிரப்பினால் ஒவ்வொரு 10 லிட்டருக்கும் 350 கிராம் உப்பு கூடுதலாகச் சேர்ந்து, உவர்ப்பு படிப்படியாக ஏறிக்கொண்டே போகும்.

நாளும் கையால் நிரப்புவதே இத்தொட்டியின் மிகச் சலிப்பூட்டும் வேலை. பயணம் செல்லும்போது விட்டுப்போகும் வேலையும் இதுவே. மிதவை வால்வு அல்லது நீர்மட்ட உணரியுடன் கூடிய தன்னியக்க நிரப்பி ஒன்று இவ்வேலையை முற்றிலும் நீக்குகிறது. நிரப்பியின் சேமிப்புக் கலன் சிறியதாக, 20 லிட்டர் அளவில் இருப்பது பாதுகாப்பானது. வால்வு பழுதாகித் திறந்தே இருந்தாலும் அதிலுள்ள 20 லிட்டர் மட்டுமே தொட்டியில் சேரும். குடிநீர்க் குழாயுடன் நேரடியாக இணைத்தால் தொட்டி முழுவதும் நன்னீராகிவிடும் அபாயம் உண்டு.

தேவையான கருவிகள்

* பாறை: நுண்துளைகள் மிகுந்த உலர் பாறை அல்லது செயற்கைப் பீங்கான் பாறை. உலர் பாறையில் பாக்டீரியாக்கள் குடியேறிய பின் அது உயிர்ப்பாறையாகச் செயல்படும்.
* நுரைபிரிப்பான்: கடைகளில் புரோட்டீன் ஸ்கிம்மர் என்ற பெயரில் கிடைப்பது. நுண்ணிய காற்றுக் குமிழிகளின் பரப்பில் கரிமக் கழிவுகள் ஒட்டிக்கொள்ள, அவற்றை நுரையாக ஒரு கிண்ணத்தில் சேர்க்கிறது. கழிவு அமோனியாவாக மாறும் முன்னரே நீக்கப்படுவது இதன் சிறப்பு.
* நீரோட்டப் பம்பு: பாறையின் எல்லாப் பக்கமும் நீர் பாய்வதற்கு. ஒரு பெரிய பம்பைவிட இரு சிறிய பம்புகள் நல்லவை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும்.
* அடித்தொட்டி: முதன்மைத் தொட்டியின் கீழ் வைக்கப்படும் இரண்டாவது தொட்டி. நீரின் மொத்த அளவைக் கூட்டுவதால் மாற்றங்களின் வேகம் குறையும். இதில் கீட்டோமார்பா என்னும் பச்சைப் பாசியை விளக்கொளியில் வளர்த்து, அவ்வப்போது ஒரு கைப்பிடி அறுத்தெடுத்தால் நைட்ரேட்டும் பாசுபேட்டும் அதனுடன் வெளியேறும்.
* ஒளிவிலகல்மானி: உவர்ப்பை அளக்க. மலிவான ஊசித் திரவமானிகள் காலப்போக்கில் தவறான அளவைக் காட்டும். ஒளிவிலகல்மானியையும் 35 அளவுள்ள திட்டக் கரைசல் கொண்டு அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

சிறிய தொட்டி எளிதானது என்ற எண்ணம் தவறானது. 30 லிட்டர் தொட்டியில் ஒரு மீன் மடிந்தாலோ 2 லிட்டர் நீர் ஆவியானாலோ ஏற்படும் மாற்றம், 200 லிட்டர் தொட்டியில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. ஆயினும் பெரிய தொட்டிக்கு எடை ஒரு வரம்பு. 200 லிட்டர் கடல்நீர் மட்டுமே 205 கிலோ எடையுள்ளது. கண்ணாடி, பாறை, தாங்கி ஆகியவற்றையும் சேர்த்துத் தளத்தின் வலிமையைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

வெப்பம், ஆக்சிசன், மின்தடை

குளிர்நாடுகளில் தொட்டிக்கு வெப்பமூட்டி தேவை. தமிழ்நாடு, இலங்கை போன்ற இடங்களில் நீர் மிகையாகச் சூடாவதே சிக்கல். நீர்ப்பரப்பின் மீது வீசும் சிறு விசிறி, ஆவியாதலின் மூலம் நீரை 2 முதல் 3 பாகை வரை குளிர்விக்கும். கடற்கரை நகரங்களைப் போல் காற்றில் ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இதன் பயன் குறையும். அங்கு நீர்க்குளிரூட்டி தேவைப்படலாம். விசிறி பயன்படுத்தினால் ஆவியாதல் கூடும் என்பதால் தன்னியக்க நிரப்பி இன்றியமையாதது.

வெப்பமும் உப்பும் நீரில் கரையும் ஆக்சிசனின் அளவைக் குறைக்கின்றன. 25 பாகையில் நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 8.2 மில்லிகிராம் ஆக்சிசனைக் கொள்ளும். கடல்நீர் ஏறத்தாழ 6.7 மில்லிகிராமே கொள்ளும். எனவே மின்தடையின்போது பம்புகள் நின்றால் முதலில் தீர்வது ஆக்சிசன். மீன்கள் மிகுந்த தொட்டியில் சில மணிநேரத்திலேயே மூச்சுத்திணறல் தொடங்கும். மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று இதற்குப் போதுமான காப்பீடு. மின்தடை உண்டானவுடன் தானாக இயங்கத் தொடங்கும் வகைகளும் உள்ளன. மின்தடையின்போது உணவு இடலாகாது.

உயிரினங்களைத் தேர்ந்தெடுத்தல்

200 லிட்டர் தொட்டிக்கு நான்கு அல்லது ஐந்து சிறிய மீன்கள் போதுமானவை. பின்வருவன எளிய பராமரிப்பிற்கு ஏற்றவை:

* கோமாளி மீன்: தொட்டிகளிலேயே இனப்பெருக்கம் செய்யப்படுவதால் உலர் உணவிற்குப் பழகியவை. இரு இளம் மீன்களை ஒன்றாக விட்டால் பெரியது பெண்ணாக மாறி இணையாகும். கடற்சாமந்தி இல்லாமலும் வாழும். வளர்ப்பில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவை உண்டு.
* பங்காய் கார்டினல் மீன்: இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளுக்கே உரியது. இயற்கையில் அருகிவரும் இனம் என்பதால் பண்ணையில் பிறந்தவற்றையே வாங்க வேண்டும்.
* சிறிய கோபி மீன்கள், துப்புரவு இறால், பாசி தின்னும் நத்தைகள், துறவி நண்டுகள்.
* மென்பவளங்கள்: சுண்ணாம்புக் கூடு கட்டாதவை என்பதால் கால்சியத்தையும் காரத்தன்மையையும் நாளும் ஈடுசெய்யும் வேலை இல்லை.

தவிர்க்க வேண்டியவையும் உள்ளன. 2003 ஆம் ஆண்டில் வெளிவந்த 'பைண்டிங் நீமோ' திரைப்படத்தால் புகழ்பெற்ற நீலச் சர்ஜன் மீன் 30 செ.மீ. வரை வளரும், வீட்டுத் தொட்டிக்கு அது பெரிது. மாண்டரின் மீன் நுண்ணிய கோப்பிபாடுகளையே உண்ணும்; புதிய தொட்டியில் அது மெல்ல மெல்லப் பட்டினியால் மடியும். கடற்சாமந்தி வலிமையான ஒளியையும் முதிர்ந்த தொட்டியையும் வேண்டுவது.

புதிய மீன் ஒவ்வொன்றையும் குறைந்தது 4 வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பின்னரே முதன்மைத் தொட்டியில் விட வேண்டும். வெண்புள்ளி நோய்க்குப் பயன்படும் செம்பு மருந்து இறால், நத்தை, பவளம் ஆகியவற்றைக் கொல்லும். எனவே தனித் தொட்டியில் மட்டுமே அதை இடலாம்.

பராமரிப்பு அட்டவணை

* நாள்தோறும் (5 நிமிடம்): மீன்களை எண்ணுதல், வெப்பநிலையைப் பார்த்தல், இரண்டு நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவு உணவிடுதல்.
* வாரந்தோறும் (அரை மணிநேரம்): கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைத்தல், நுரைக் கிண்ணத்தைக் கழுவுதல், உவர்ப்பை அளத்தல், நிரப்பியின் கலனை நிறைத்தல்.
* 2 வாரங்களுக்கு ஒருமுறை (ஒரு மணிநேரம்): 40 லிட்டர் நீர் மாற்றம். இதற்குச் சுமார் 1.4 கிலோ உப்புக் கலவை தேவை. முந்தைய நாளே கரைத்து, தொட்டியின் உவர்ப்பிற்கும் வெப்பநிலைக்கும் இணையாக்க வேண்டும்.
* மாதந்தோறும்: நைட்ரேட்டு, காரத்தன்மை ஆகியவற்றைச் சோதித்துக் குறித்து வைத்தல்.
* 6 மாதங்களுக்கு ஒருமுறை: பம்புகளை நீர்த்த வினிகரில் ஊறவைத்துச் சுண்ணாம்புப் படிவை நீக்குதல்.

எண்ணிக்கையில் ஒரு மீன் குறைந்தால் உடனே தேட வேண்டும். பாறைக்குப் பின்னால் மடிந்த மீன் ஓரிரவில் அமோனியாவை உயர்த்திவிடும்.

வளர்ந்த மீன்கள் இரண்டு மூன்று நாட்கள் உணவின்றி இருக்க இயலும். நீண்ட பயணத்தின்போது அண்டை வீட்டாரிடம் பொறுப்பை ஒப்படைத்தால், ஒவ்வொரு நாளுக்குமான உணவைத் தனித்தனிக் காகிதப் பொட்டலங்களாக மடித்துக் கொடுப்பது நல்லது. இரக்கத்தால் மிகையாக இடப்படும் உணவு பசியைவிட ஆபத்தானது.

பாதுகாப்பு

உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். மின்கம்பிகள் இணைப்பிற்குக் கீழே தொங்கி மேலேறும்படி அமைத்தால், கம்பி வழியே வடியும் நீர் இணைப்பை அடையாது. மண்கசிவுத் துண்டிப்பி பொருத்துவது கட்டாயம். நீரில் கைவிடும் முன் கருவிகளின் மின்னிணைப்பை நீக்க வேண்டும்.

சோவாந்தசு எனப்படும் பொத்தான் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்னும் கடும் நஞ்சு உண்டு. இவை ஒட்டிய பாறைகளைக் கொதிநீரில் இட்டதால் எழுந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தினர் நோயுற்ற நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தொட்டியின் பாறைகளை ஒருபோதும் கொதிக்க வைக்கலாகாது. பவளங்களைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும்.

மூலமும் சட்டமும்

நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணைகளில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை இன்றும் பவளப்பாறைகளிலிருந்து பிடிக்கப்படுபவை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, 1,471 இனங்களைச் சேர்ந்த 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல்மீன்கள் ஆண்டுதோறும் வணிகமாவதாக மதிப்பிட்டது. பிலிப்பைன்சில் 1960களில் தொடங்கிய சயனைடு மீன்பிடிப்பு, மீன்களுடன் பவளங்களையும் அழித்தது. கோசு கண்ட வெறுமை, கடற்கரைக் குட்டைகளிலிருந்து வெப்பமண்டலப் பவளப்பாறைகளுக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

இந்தியாவில் கடற்குதிரைகள், பாறை கட்டும் பவளங்கள், கருப்புப் பவளங்கள், கடல்விசிறிகள் முதலியன 2001 ஆம் ஆண்டில் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. உயிருள்ளவை மட்டுமின்றி அவற்றின் கூடுகளை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி 1986 ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. எனவே அங்கிருந்து எடுத்த பவளத்தையோ பாறையையோ வாங்கலாகாது. உலர் பாறையும் பீங்கான் பாறையும் பரிந்துரைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை உருவாக்கியுள்ளன. 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீலச் சர்ஜன் மீனையும் வளர்ப்பில் பொரிக்கச் செய்தனர்.

கடலிலிருந்து பிடித்த மீனொன்று தொட்டியில் ஓரிரு மாதங்களில் மடிந்தால், அவ்விடத்தை நிரப்ப மற்றொன்று பிடிக்கப்படும். பண்ணையில் பிறந்த ஓர் இணை மீன் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தால் அத்தேவை எழாது. குறைந்த மீன்கள், குறைந்த உணவு, மாறாத நீர் என்னும் ஒழுங்குகள் வளர்ப்பவரின் உழைப்பையும் பவளப்பாறையின் இழப்பையும் ஒருசேரக் குறைக்கின்றன.

இவற்றையும் பார்க்க

* நைட்ரசன் சுழற்சி
* பவளப் பாறைகள்
* கோமாளி மீன்
* மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா
* எதிர்ச் சவ்வூடுபரவல்